பாட்டும் அதன் உரையும்

சென்ற மாதம் ஈப்போ நகரில் ஒலிக்கருவி விற்கும் கடை ஒன்றுக்கு நண்பர் ஒருவருடன் செல்ல நேர்ந்தது. பள்ளி மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவது அவர் வேலை. உடன் நிற்பது என் வேலை. பெட்டியின் தரத்தைக் காட்டுவதற்காகக் கடைக்காரர் ஒரு பாட்டை ஓடவிட்டார். முதலில் ஒரு கிதார் தனியே, ஸ்பானிய நாட்டுச் சாயலில், இன்ன பாட்டென்று பிடிகொடாமல் நடந்தது. சற்று நேரத்தில் பெருமுரசின் அடி ஒன்று நெஞ்சில் வந்து விழுந்தது. "இந்த அடி கலங்காமல் கேட்டால் பெட்டி நல்ல பெட்டி" என்றார் அவர்.

அந்தப் பாட்டு, அமெரிக்க நாட்டு ஈகிள்ஸ் குழுவினர் 1994ஆம் ஆண்டில் பாடிய 'ஓட்டல் கலிபோர்னியா'. மின்கிதாரை ஒருபுறம் வைத்துவிட்டு, மரப்பெட்டியே ஒலிதரும் கிதார்களோடு முக்காலிகளில் அமர்ந்து அவர்கள் பாடியது. மின்விசையைத் துறந்ததாகப் பெயர்பெற்ற பாட்டே ஒலிபெருக்கிகளுக்கு உரைகல்லாகிவிட்டது! விலை பேசி முடிக்கும் வரையில் எனக்கு இந்த எண்ணம்தான்.

அன்று மாலை சிலிபினில் நண்பர் இல்லத்தில் நால்வர் கூடினோம். நால்வரும் தமிழாசிரியர்; இருவர் ஓய்வு பெற்றவர். அந்நிகழ்ச்சியின் பதிவு முழுவதையும் கேட்டோம். எங்களுள் மூத்தவர் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். கேட்டு முடித்ததும் அவர், "பார்த்தீர்களா ஐயா, மின்சாரத்தை நிறுத்தினால் பாட்டு பிழைத்துக்கொள்கிறது. நம்முடைய பாட்டையெல்லாம் கெடுத்தது இந்த ஒலிபெருக்கிதான்" என்றார். நண்பர் தாம் வாங்கிவந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டார். பெரியவர் சொன்னதில் பாதி உண்மை என்று அப்போதே பட்டது. மற்றப் பாதியை ஆராய்வதே இக்கட்டுரை.

ஈகிள்ஸ் என்னும் சொல்லுக்குக் கழுகுகள் என்பது பொருள். 1971ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் லிண்டா ரான்ஸ்டாட் என்னும் பாடகிக்குப் பக்கவாத்தியம் வாசிக்கச் சேர்ந்த இளைஞர்களிடையே இக்குழு முளைத்தது. கிளென் ஃபிரே, டான் ஹென்லி, பெர்னி லெடன், ராண்டி மைஸ்னர் என்போர் முதல் நால்வர். அமெரிக்கத் தென்பகுதிக் குடியானவர்களின் பாட்டையும் நகரத்து ராக் இசையையும் ஒரே நுகத்தில் பூட்டிய கலவையை 'கன்ட்ரி ராக்' என்பர். இதனைக் கண்டுபிடித்தவர்கள் ஈகிள்ஸ் அல்லர். பேர்ட்ஸ் என்னும் குழு 1968ஆம் ஆண்டிலேயே இவ்வழியில் இசைத்தட்டு வெளியிட்டது. ஆயினும் அதனைப் பெருங்கூட்டத்திடம் கொண்டு சேர்த்தவர்கள் இவர்களே.

நால்வருள் நாட்டுப்புற இசையில் ஆழ வேரூன்றியவர் லெடன். பான்ஜோவும் மாண்டலினும் அவர் கைக்கு வரும். பான்ஜோ ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக அமெரிக்கா சேர்ந்த கருவி என்பதை ஈண்டு நினைவு கூரலாம். பிறர் தோட்டத்தில் உழைக்கக் கடல் கடத்தப்பட்டவர்களின் கைவண்ணம் அது. 1972ஆம் ஆண்டின் முதல் இசைத்தட்டிலும் 1973ஆம் ஆண்டின் 'டெஸ்பராடோ'விலும் அந்த மண்ணின் மணம் தூக்கலாக இருந்தது. பிறகு ராக் இசையின் வன்மை வேண்டும் என்ற ஆசை மற்றவர்களுக்கு மிகுந்தது. 1974இல் ஃபெல்டர் என்னும் மின்கிதார் வல்லுநர் சேர்ந்தார். 1975இல் லெடன் விலகினார். அவரிடத்துக்கு ஜோ வால்ஷ் வந்தார். 1976 டிசம்பரில் 'ஓட்டல் கலிபோர்னியா' இசைத்தட்டு வெளிவந்தது. மறு ஆண்டு மைஸ்னரும் விலகத் திமொத்தி ஷ்மிட் வந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைஸ்னர் முன்னர்ப் போகோ என்னும் குழுவை விட்டு நீங்கியபோதும் அவரிடத்தில் அமர்ந்தவர் இதே ஷ்மிட்தான்.

1980ஆம் ஆண்டு லாங் பீச் நகர மேடையில், பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில், ஃபிரேயும் ஃபெல்டரும் இறங்கியதும் அடித்துக்கொள்வதாக ஒருவரையொருவர் மிரட்டிக்கொண்டனர். கேட்போருக்குத் தெரிந்தது இனிய குரலிசைவு மட்டுமே. குழு அதோடு கலைந்தது. மீண்டும் எப்போது சேர்வீர்கள் என்று கேட்டபோது, நரகம் பனியாய் உறையும்போது என்று ஹென்லி விடையிறுத்தார். காக்கை வெளுத்தால் என்று நாம் சொல்வோமே, அது போல. 1994 ஏப்ரலில் பர்பாங்க் நகரப் படப்பிடிப்புத் தளம் ஒன்றில் ஐவரும் கூடினர். அந்நிகழ்ச்சி 'நரகம் உறைந்தது' என்னும் பொருள்படும் தலைப்போடு அவ்வாண்டு நவம்பரில் இசைத்தட்டாயிற்று. தாங்கள் பிரியவே இல்லை என்றும், பதினான்கு ஆண்டு விடுமுறை எடுத்துக்கொண்டதாகவும் ஃபிரே மேடையில் சொன்னார். கூட்டம் சிரித்தது.

இனி அப்பாட்டுக்கு வருவோம். 1976ஆம் ஆண்டுப் பதிவையும் 1994ஆம் ஆண்டுப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும். பிந்தையது முந்தையதன் படி அன்று; அதன் உரை.

தமிழாசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அரும்பதவுரைகாரர் அருஞ்சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டு அகல்வார். அடியார்க்கு நல்லார் அதே இடத்தில் நின்று, இசையும் கூத்தும் பற்றி மறைந்த நூல்களையெல்லாம் துணைக்கழைத்து, மூலத்துள் உறங்கிக் கிடந்ததை எழுப்புவார். இரண்டும் உரைதான். மூன்றாவது வகை ஒன்றுண்டு. நூல் செய்தவரே தம் நூலுக்கு உரை எழுதுவது. இலக்கணக் கொத்துக்குச் சுவாமிநாத தேசிகர் செய்தது அது. தாம் எழுதியதைத் தாமே விளக்கும்போது எழுதிய கையும் விளக்கும் கையும் ஒன்றாக இருத்தலின், மூலத்தில் எதைச் சொல்லாமல் விட்டோம் என்பது அவருக்குத் தெரியும். ஈகிள்ஸ் செய்தது இம்மூன்றாம் வகை.

அப்பாட்டின் இசையை முதலில் அமைத்தவர் ஃபெல்டர். சொற்களில் ஹென்லி, ஃபிரே இருவர் பங்கும் உண்டு. குழுவினர் அதற்குச் சொல் பிறக்குமுன் 'மெக்சிகன் ரெகே' என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். மெக்சிகோவின் ஸ்பானியச் சாயலும் ஜமைக்காத் தீவின் ரெகே நடையும் அதனுள் கலந்திருந்தமையே காரணம். 1976ஆம் ஆண்டுப் பதிவில் இவ்விரண்டும் மின்கிதாரின் பெருக்கில் அமிழ்ந்து நிற்கும். கூர்ந்து கேட்டாலன்றித் தெரியா. 1994இல் ஃபெல்டர் நைலான் நரம்பு பூட்டிய கிதாரில் புதிய தோற்றுவாய் ஒன்றை இசைத்தார். அது முழுக்க முழுக்க ஸ்பானிய முறை. ஆலாபனை என்று சொல்லத்தக்கது. அடுத்து வரும் பாட்டின் பண்ணைக் காட்டும், பாட்டைக் காட்டாது. பழைய பாட்டின் எலும்புக்குள் இருந்த ஸ்பானிய மச்சையை வெளியே எடுத்து வைத்தார். பிறகு பழகிய சுரக்கோவை தொடங்கியதும் கூட்டத்தினர் அடையாளம் கண்டு ஆர்ப்பரிப்பது பதிவிலேயே கேட்கிறது. அந்த ஆர்ப்பரிப்பை நான் இசைக்கு வெளியே நிற்கும் இரைச்சலாகக் கொள்ளேன். மூலத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர் முன்னிலையில்தான் உரைக்குப் பொருள் உண்டு என்பதற்கு அது சான்று.

தாளக்கருவியும் இவ்வாறே. பழைய பதிவில் முழு டிரம் வரிசை உண்டு. இங்கே கைமுரசும் பெருமுரசின் ஒற்றை அடியும் தனித்து ஒலிக்கின்றன. இடையில் வெற்றிடம் மிகுதி. அவ்வெற்றிடத்தில் சொற்கள் தெளிவாய் விழுகின்றன. பாட்டின் கதை, வழிப்போக்கன் ஒருவன் இரவில் ஒரு விடுதியைக் கண்டு உட்புகுந்து, மீளவியலாது அகப்படுவது. 1976இல் ஹென்லிக்கு வயது இருபத்தொன்பது; அது எச்சரிக்கையாகப் பாடப்பட்டது. 1994இல் பாடுபவர், அகப்பட்டு வெளிவந்து, மீண்டும் அதே வாயிலில் நிற்பவர். குரலில் சற்றுக் கரகரப்பு ஏறியிருக்கிறது. சொல் ஒன்றும் மாறவில்லை, சொல்பவர் மாறினார்.

இவ்வளவும் ஆக்கம். இழப்பும் உண்டு, அதை மறைத்தால் திறனாய்வு ஆகாது. அப்பாட்டின் முடிவில் ஃபெல்டரும் வால்ஷும் மாறி மாறியும் இணைந்தும் வாசிக்கும் நீண்ட பகுதி உலகப் புகழ் வாய்ந்தது. மின்கிதாரில் நரம்பை விரலால் தள்ளிச் சுரத்தை வளைத்து நிறுத்தலாம். மின்விசை அதைத் தாங்கிப் பிடிக்கும். நம் கமகத்துக்கு உறவான செயல் அது. இரு கிதார்களும் இரண்டு மாந்தர் போல அழுதன. நைலான் நரம்பிலோ மீட்டியவுடன் ஒலி தேயத் தொடங்கும். அழுகை அங்கே பேச்சாகிவிட்டது. அழகிய பேச்சே, ஐயமில்லை. எனினும் எனக்குப் பழைய முடிவே முடிவு. அதிலும் ஒரு நுட்பம் காணலாம். பழைய பதிவில் பாட்டு முடிவதே இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி மெல்லக் குறைந்து மறைகிறது. மீளமுடியாத விடுதியின் பாட்டு அங்ஙனம் முடிவின்றி மறைவது பொருத்தம். மேடையில் அவ்வாறு மறைய இயலாது. கையை எடுத்தாக வேண்டும். ஆகவே 1994இல் ஒரு முத்தாய்ப்பு வைத்து நிறுத்தினர். விடுதியின் கதவு திறந்துகொண்டது போல எனக்கு ஓர் ஏமாற்றம்.

இந்நிகழ்ச்சியில் என் உள்ளத்தை முற்றும் கவர்ந்தது, பெரிதும் பேசப்படும் அப்பாட்டு அன்று. 'டெக்கீலா சன்ரைஸ்' என்னும் சிறு பாட்டு. 1973இல் ஃபிரேயும் ஹென்லியும் சேர்ந்து ஆக்கியது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தோற்றுவாயும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. எதையும் நிறுவ முயலாமையால் அது நிலைபெறுகிறது.

குரலிசைவைப் பற்றி ஒரு சொல். நம் இசை ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைப் பின்பற்றிச் செல்வது. பலர் சேர்ந்து பாடினும் ஒரே சுரத்தில் ஒன்றுவர். இவர்களோ ஐந்து குரலும் ஐந்து சுரத்தில் நின்று ஒன்றுவர். பழைய நாளில் இக்குழுவினர் கருவியே இல்லாமல் 'செவன் பிரிட்ஜஸ் ரோடு' என்னும் பாட்டைக் குளியலறைச் சுவர்களுக்கு நடுவே பாடிக் குரலைப் பதப்படுத்திக்கொண்டு மேடையேறுவர் என்று ஃபெல்டர் கூறியிருக்கிறார். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியில் எவர் குரல் மிகுகிறது, எவர் குரல் தேய்கிறது என்பது தெரிந்துவிடும். அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள், எக்கருவியைத் தொடர்ந்து எக்கருவி நிற்கவேண்டும் என்று முறை வகுத்துக் காட்டுவதும் இதே நோக்கத்தால் என்று நான் எண்ணுகிறேன். ஒன்று மற்றொன்றைக் கேட்டு அடங்கி நிற்பதுதான் அங்கே இலக்கணம். பெரும் ஒலிபெருக்கிகள் நடுவே நிற்கும்போது ஒருவரையொருவர் கேளாமலே வாசித்துவிடலாம். அருகருகே அமர்ந்து மரக்கிதாரை மீட்டும்போது அது முடியாது. பெரியவர் கூறியதில் உண்மையான பாதி இதுவே.

மற்றப் பாதிக்கு வருகிறேன். அந்த மேடையில் மின்சாரம் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒலிவாங்கி இருந்தது. சில பாட்டுகளுக்குப் பர்பாங்க் நகரின் நரம்பிசைக் குழு ஒன்று முழுதாய்ப் பின்னே அமர்ந்திருந்தது. 'லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்' என்னும் பாட்டில் மின்கிதாரே வந்தது. இசைத்தட்டின் பதினைந்து பாட்டுகளில் நான்கு, புதிதாகப் பதிவுக்கூடத்தில் செய்தவை. பின்னர் ஊர் ஊராகச் சென்றபோது நுழைவுச்சீட்டின் விலை நூறு டாலரைத் தாண்டியது. அக்காலத்தில் அது பலரையும் முகம் சுளிக்க வைத்தது. எளிமை அங்கே விலை மிக்க பண்டம்.

மேலும் ஒன்று. பான்ஜோவும் மாண்டலினும் கொண்டு இக்குழுவுக்கு நாட்டுப்புற வேரை ஊன்றிய லெடன் அங்கே இல்லை. ராக் இசை வன்மைக்காக வந்த இருவர் மரக்கிதாரோடு அமர்ந்திருக்க, மரக்கிதாருக்காகவே வாதாடியவர் வெளியே நின்றார். வேர்க்குத் திரும்பினர் என்று எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இதனோடு ஒப்பிடத்தக்க வேறொரு நிகழ்ச்சி 1971இல் நாஷ்வில் நகரில் நடந்தது. நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட் என்னும் இளைஞர் குழுவினர், மேபெல் கார்ட்டர், ராய் ஏகஃப், டாக் வாட்சன் முதலிய மூத்த நாட்டுப்புறக் கலைஞரை அழைத்து, அவர்களோடு ஒரே அறையில் அமர்ந்து மரக்கருவிகளால் பாடிப் பதிவு செய்தனர். 1972இல் மூன்று தட்டுகளாக வெளிவந்த அத்தொகுப்பில் பாட்டுக்கிடையே நடந்த பேச்சும் பதிவாகியுள்ளது. அங்கே இளையோர் மூத்தோரிடம் மூலம் கேட்டனர். 1994இல் மூத்தோர் தம் மூலத்துக்குத் தாமே உரை செய்தனர். இரண்டும் வேறு வேறு தொழில். எரிக் கிளாப்டன் 1992இல் தம் பழைய 'லேலா'வைத் தளர்நடையில் பாடியது இரண்டாவதன் பாற்படும்.

பின்னாள் வரலாறு இனியதன்று. 2001இல் ஃபெல்டர் நீக்கப்பட்டார். வழக்கு 2007இல் உடன்பாட்டில் முடிந்தது. 2016 ஜனவரியில் ஃபிரே மறைந்தார். அவர் மகன் டீக்கனும் வின்ஸ் கில் என்னும் நாட்டுப்புறப் பாடகரும் மறு ஆண்டு சேர்ந்தனர். மைஸ்னர் 2023இல் காலமானார். 2024இல் அக்குழு லாஸ் வேகாஸ் நகரில், சுற்றிலும் ஒளித்திரை சூழ்ந்த உருண்டை அரங்கில் பாடத் தொடங்கியது. முக்காலிகளில் அமர்ந்திருந்த ஐவர் எங்கே, இது எங்கே!

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அப்படியானால் நமக்கு இது பயன்படாதா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி எளிதன்று. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தப்பும் உருமியும் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி இன்றியே லயம் முழுவதும் கேட்டன. காமன் கூத்துக்கு ஓர் ஆர்மோனியமும் கேஸ் விளக்கும் போதும். ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் பாடிய தாலாட்டுக்கு அதுவும் வேண்டா. ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் ஈப்போவின் சுற்றுப்புறங்களுக்குப் பெயர்ந்ததும் நாம் கண்ட வரலாறு. சிலிபின் வீதிகளில் இன்று எதிர்ப்படுவோருள் பலருக்கு அத்தகைய ஒரு தோட்டத்தின் பெயர் தாத்தா பாட்டியின் வாயில் கேட்டதாக இருக்கும்.

ஈகிள்ஸ் குழுவுக்கு 1976ஆம் ஆண்டுப் பதிவு இருந்தது. கூட்டத்தினர் அதனை நெஞ்சில் வைத்திருந்தனர். அதனால்தான் 1994ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாற்றமும் மாற்றமாகப் புலப்பட்டது. நம் தோட்டப் பாட்டுகளில் மிகப் பலவற்றுக்கு அத்தகைய மூலப்பதிவு இல்லை. சொற்களை ஆர்வலர் சிலர் திரட்டி அச்சேற்றினர். அவர் தொண்டு பெரிது. மெட்டு அச்சில் ஏறாது. விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலுக்காக ஆண்டுக்கணக்கில் கணக்கிட்டுத் தேட நேர்ந்ததும், யாழின் உறுப்புகளைப் பொருநராற்றுப்படை உவமை சொல்லி வருணித்தும் அதன் ஓசையை எந்த ஏடும் நமக்குத் தர இயலாமையால் அன்றோ? மூலம் கையில் இல்லாதவன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அமர்ந்தால் கிடைப்பது அமைதி, உரை அன்று. ஆதலின் ஒலிப்பெட்டியின்மேல் எனக்குக் கோபமில்லை. ஒலிவாங்கியை முன்னமே தோட்டத்துக்குக் கொண்டு செல்லாமற்போனோமே என்பதுதான் என் வருத்தம்.

நண்பர் தம் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்து, பெரியவரைப் பாடச் சொன்னார். மறுத்தார். பிறகு தம் தாயார் பால் வெட்டிவிட்டு வந்து, தம்பியைத் தொட்டிலில் இட்டுப் பாடிய தாலாட்டொன்றைத் தொடங்கினார். முதற் கண்ணி தடையின்றி வந்தது. இரண்டாம் கண்ணியின் நடுவில் நின்று, அம்மா இவ்விடத்தில் குரலை ஏற்றுவாரா இறக்குவாரா என்று எங்களையே கேட்டார். எங்களுள் யாருக்குத் தெரியும்? ஏற்றிப் பாடிப் பார்த்தார். தலையை அசைத்து, "இல்லை ஐயா, இறக்கம்தான்" என்று சொல்லி முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.